முப்படையில் எப்படை?

பிள்ளைப்பாக்கம் தொழிற்பூங்காவின் சுற்றுவட்டாரத்தில் முப்படைகளும் உள்ளன: பரங்கிமலையில் தரைப்படை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி, தாம்பரத்தில் விமானப்படைத் தளம், அரக்கோணத்தில் கடற்படையின் ‘ராஜாளி’ வானூர்தித் தளம். ஆயினும், சேரும் படையை அருகாமையோ சீருடையின் கவர்ச்சியோ தீர்மானித்தல் ஆகாது.

பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவே முதல் வாயில். அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் தரைப்படைப் பிரிவுக்கு எப்பாடப்பிரிவினரும் தேர்வெழுதலாம்; கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். 2021 முதல் மாணவியரும் இத்தேர்வை எழுதுகின்றனர்.

வீரர்களைச் சேர்க்க 2022இல் தொடங்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் தொடர்ந்து பணியாற்ற வாய்ப்புப் பெறுவோர் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே. எனவே, படையில் கற்கும் தொழில்நுட்பம் ஊர் திரும்பிய பின்னும் வாழ்வளிக்குமா என எண்ணித் துணிதல் நன்று.