எஞ்சிய தாளில் ஒரு வாழ்த்து

வங்கிகளில் கணினி நுழைவதற்கு முன்பு கணக்குகள் தடித்த பேரேடுகளில் எழுதப்பட்டன. அவற்றுள் பலவற்றின் உள்ளட்டையிலும் பக்க ஓரங்களிலும் பளிங்கின் வரியோட்டம் போன்ற வண்ணக்கோலம் காணப்படும். அது அழகுக்காக மட்டும் இடப்பட்டதன்று. யாரேனும் ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்தால் ஓரத்துக் கோலம் அறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தணிக்கையாளருக்கு அது ஒரு மௌனச் சாட்சி.

பேரேடுகள் மறைந்தன; அந்தத் தாள் மறையவில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை பருத்திக் கழிவிலிருந்து தாள் செய்து, அதில் இவ்வகைக் கோலங்களையும் ஏற்றுகிறது. கெட்டிப்படுத்திய நீரின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, தாளை அதன்மீது படியவைத்து எடுப்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. ஆகவே இதன் துண்டுகளைக் குப்பையில் போட மனம் வருவதில்லை. பரிசுப்பொருள் சுற்றிய தாள், திருமண அழைப்பிதழின் உறை, பழைய நாட்காட்டி ஆகியவையும் வீடுதோறும் சேர்கின்றன. கொச்சி வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் வாசல்தோறும் தொங்கும் காகித நட்சத்திரங்கள் பண்டிகை முடிந்ததும் கழிவாகின்றன. அவற்றில் துளைக்கோலம் முன்பே வெட்டப்பட்டிருப்பதால், பின்புறம் மஞ்சள் தாள் ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பல நிறத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும்போது ஒட்டுத்துணி போல் தோன்றிவிடுமே என்னும் தயக்கம் பலருக்கு உண்டு. இதற்கு விடை மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது. 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டமையால் ஒவ்வொன்றிலும் சிறு வேறுபாடு உண்டு. ஆயினும் அளவு ஒன்றாக இருப்பதால் தரை முழுதும் ஒழுங்காகத் தெரிகிறது. இம்முறையையே அட்டையிலும் கையாளலாம்.

250 கிராம் தடிமனுள்ள ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் கொண்ட வாழ்த்து அட்டை கிடைக்கும். வண்ணத்தாள்களை 25 மி.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. இடையே 3 மி.மீ. வெளி. மேலும் இருபக்கமும் 12 மி.மீ. விட்டால், கீழே 27 மி.மீ. இடம் எஞ்சும். வாழ்த்தை அங்கே எழுதலாம்.

மடிக்குமுன், மை தீர்ந்த பேனாவினால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்துவது இன்றியமையாதது. அட்டை எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, மடிப்பு அத்திசையில் அமையட்டும்; மாறினால் மடிப்பு வெடித்து இழை தெரியும். பசையைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், நீர் மிகுந்த பசை தாளைச் சுருட்டிவிடும். மைதாப் பசையைப் பூச்சி அரிக்கும். புத்தகம் கட்டுவோர் அதனைத் தடுக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாதலால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். வெண்பசையை மெல்லிதாகத் தடவி, ஓர் இரவு கனத்த நூல்களின் அடியில் வைத்தல் போதும். இவ்வட்டை ஏறத்தாழ 8 கிராம். உறையும் சதுரங்களும் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்தின் முதற்படியான 20 கிராமுக்குள் அடங்கும். ஏ4 தாளை முழுதாக மடித்தால் அட்டை மட்டுமே 16 கிராமை நெருங்கும். உறையுடன் எல்லையைத் தாண்டக்கூடும்.

இதைச் சிறுதொழிலாகச் செய்ய விரும்பும் மகளிரும் குழுக்களும் உண்டு. அவர்களுடைய கடன் விண்ணப்பங்களில் நான் முதலில் பார்ப்பது செலவுப் பட்டியலை. கழிவுத்தாளுக்கு விலை இல்லை என்பது சரி. ஆனால் உழைப்புக்கு எதிரிலும் பூச்சியம் எழுதிவிடுகிறார்கள். வீட்டிலிருந்தே செய்வது என்பதால் கூலி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. அட்டை, உறை, பசை ஆகியவற்றுக்கு 8 ரூபாய். ஓர் அட்டைக்கு 40 நிமிடம், மணிக்கு 60 ரூபாய் எனில் கூலி 40 ரூபாய். ஆக அடக்கவிலை 48. கடைக்காரர் விற்பனை விலையில் 30 விழுக்காடு கழிவு கேட்கிறார். பலர் 48-உடன் 30 விழுக்காட்டைக் கூட்டி 62.40 என விலையிடுகின்றனர். கடைக்காரருக்கு 18.72 போனபின் கைக்கு வருவது 43.68 மட்டுமே, அட்டைக்கு நான்கு ரூபாய்க்கு மேல் இழப்பு. 48-ஐ 0.70-ஆல் வகுக்கவேண்டும், விலை 69 ரூபாய். இதில் இலாபம் இன்னும் சேரவில்லை. அந்த விலைக்கு வாங்குவார் இல்லையெனில், கூலியைக் குறைப்பதற்குப் பதிலாக நேரத்தைக் குறைக்க வழி காணலாம். ஐம்பது அட்டைகளுக்கான சதுரங்களை ஒரே அமர்வில் வெட்டினால் 40 நிமிடம் கணிசமாகக் குறையும்.

கிறிஸ்துமஸ் அட்டைகள் நவம்பரிலும், பொங்கல் அட்டைகள் டிசம்பர் இறுதியிலும் கடையை அடைந்தாக வேண்டும். மழைமாதங்களில் தாளை வெட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அளவுவாரியாகச் சேர்த்துவைத்து, வெயில் தெளிந்தபின் ஒட்டத் தொடங்கலாம்.