குறி தப்புவது கண்ணாலா, விரலாலா?
பிஸ்டல் சுடப் பழகும் நம் பெண்களுக்காக



2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அரியானா மாநிலத்து மனு பாக்கர், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்புப் போட்டியிலும் ஒரு வெண்கலம் வாங்கினார்.

இதையெல்லாம் டி.வி.யில் பார்த்த நம்ம வீட்டுப் பிள்ளை, "அம்மா, நானும் பழகட்டுமா?"ன்னு கேட்டா என்ன சொல்வோம்? "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்றுதான் பெரும்பாலும் வாயில் வரும். சரின்னு சொல்றதோ, வேண்டாம்னு சொல்றதோ, அதற்கு முன்னால் இந்த விளையாட்டு என்னவென்று தெரிந்துகொள்வோமே.

பக்கத்து ஊர் கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவனும் துப்பாக்கி சுடும் வீராங்கனைதான். குஜராத்தில் வளர்ந்த இவர், 2019-ல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். அவர் சுடுவது இரண்டு கையாலும் பிடிக்கும் ஏர் ரைபிள். திருவிழாவில் பலூன் சுடும் கடையில் இருப்பதும் அந்த மாதிரி நீளத் துப்பாக்கிதான். பிஸ்டல் வேறு. அதை ஒரே கையை நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கிறது.

எவ்வளவு சின்ன குறி?

ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளும். அட்டை 10 மீட்டர் தள்ளி இருக்கும். அதில் 10 புள்ளி தரும் நடு வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பித்தான் அளவு. தகுதிச் சுற்றில் 60 குண்டு சுட வேண்டும். மொத்தம் 600 புள்ளி.

பாரிஸில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. பதக்கம் வாங்கியவருக்கே 20 புள்ளி போயிருக்கிறது, பாருங்கள். ஆகவே ஒவ்வொரு குண்டும் நடுவில் விழணும் என்று முதல் மாதத்திலேயே எதிர்பார்த்து மனசு உடையக் கூடாது.

கை ஆடத்தான் செய்யும்

பழகுகிற எல்லோரும் சொல்லும் முதல் குறை, "கை ஆடுது" என்பது. யாருக்குமே கை முழுசாக நிற்காது. உலக வீராங்கனைக்கும் ஆடும், கொஞ்சமாக ஆடும், அவ்வளவுதான்.

கையின் ஆட்டத்தை விடப் பெரிய கெடுதலைச் செய்வது விரல். துப்பாக்கி ஆடி ஆடி நடு வட்டத்துக்கு வரும் அந்த நொடியில், "இப்போ சுடு!" என்று மனசு அவசரப்படும். விரல் வெடுக்கென்று இழுக்கும். துப்பாக்கி முனை சாயும். வலது கைக்காரர்களுக்குக் குண்டு பெரும்பாலும் கீழே, இடது பக்கமாகப் போய் விழும். அட்டையில் அந்த மூலையில் ஓட்டைகள் அதிகம் இருந்தால் விரல் அவசரப்படுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. துப்பாக்கியின் மேலே பின்பக்கம் ஒரு பள்ளமும், முனையில் ஒரு மேடும் இருக்கும். இவை பின்குறி, முன்குறி. இரண்டும் நேராக இருக்க, கை மொத்தமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 1 மில்லிமீட்டர்தான் தள்ளிப் போகும். ஆனால் முன்குறி மட்டும் 1 மில்லிமீட்டர் சாய்ந்தால்? இரண்டு குறிக்கும் நடுவே 35 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அட்டையில் குண்டு கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். 10 கிடைக்க வேண்டிய இடத்தில் 7தான் கிடைக்கும்.

ஆறு படிகள்

1. நிற்பது: பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். துப்பாக்கி அட்டைக்கு வலது பக்கமோ இடது பக்கமோ நின்றால் கையை வளைக்காதீர்கள். பாதத்தைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள்.

2. பிடிப்பது: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரே இறுக்கத்தில் பிடிக்கணும். மணிக்கட்டு வளையக் கூடாது. இன்னொரு கை இடுப்பிலோ பாக்கெட்டிலோ சும்மா இருக்கட்டும்.

3. பார்ப்பது: ஊசியில் நூல் கோர்க்கும்போது ஊசிக் காதைத்தான் பார்ப்போம், பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க மாட்டோம். அது மாதிரி கண் முன்குறியில் இருக்கணும். அட்டை மங்கலாகத் தெரிந்தால் சரி. கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைப் பகுதியில் குறி வைப்பதுதான் வழக்கம். அதற்கு ஏற்ற மாதிரி பின்குறியைத் திருகி வைப்பார்கள். மற்ற கண்ணை இறுக்கி மூடினால் முகமே இறுகிவிடும். ஒரு காகிதத் துண்டால் மறைத்துக்கொண்டால் போதும்.

4. மூச்சு: மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் இயல்பாக ஒரு நிறுத்தம் வரும் அல்லவா, அந்த நேரத்தில் சுட வேண்டும். ஏழெட்டு நொடிக்குள் முடியவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள்.

5. விரல்: ட்ரிகர் என்று சொல்லும் விசைக்குப் போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும். சொட்டு மருந்து பாட்டிலை எப்படி மெதுவாக அமுக்குவோமோ, அப்படி நேர் பின்னாக, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கணும். கை ஆடினாலும் அமுக்குவது நிற்கக் கூடாது. குண்டு எந்த நொடியில் போனது என்று நமக்கே தெரியாமல் போவதுதான் நல்ல சூடு.

6. சுட்ட பிறகு: குண்டு போனதும் கையைத் தொங்கப் போடாதீர்கள். இரண்டு நொடி அப்படியே குறியைப் பார்த்து நில்லுங்கள்.

ஓட்டைகள் ஒன்று கூடட்டும்

ஆரம்பத்தில் புள்ளியைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். பத்து குண்டும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓரத்தில் விழுந்தாலும் சேர்ந்து விழுந்தால் நீங்கள் செய்வதை ஒரே மாதிரி செய்கிறீர்கள் என்று அர்த்தம். பின்குறியைத் திருகி அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு குண்டு நடுவிலும் மற்றவை நாலு திசையிலும் சிதறி இருந்தால், அந்த ஒரு 10 வெறும் அதிர்ஷ்டம்தான்.

வீட்டிலேயே பழகலாம்

ஏர் பிஸ்டல் சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையை நீட்டி 15 நொடி பிடித்து, ஒரு நிமிடம் ஓய்வு எடுத்து, மறுபடி செய்யலாம். தோள் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

உத்தரப் பிரதேசம் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே சந்திரோ தோமர் என்ற பாட்டி, 1999-ல் பேத்திக்குத் துணையாகச் சுடும் பயிற்சிக்குப் போனவர், தானும் பிஸ்டல் பிடித்தார். அப்போது அவருக்கு 65 வயது தாண்டிவிட்டது. தண்ணீர் நிறைந்த ஜாடியைக் கையில் பிடித்துத்தான் வீட்டில் பழகினார். ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். ஊர் சிரித்தது. இரண்டு பேரும் மூத்தோர் போட்டிகளில் பதக்கம் பதக்கமாக வாங்கினார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010 உலகக் கோப்பையில் வெள்ளி வென்றார். சந்திரோ பாட்டி 2021-ல் கொரோனாவில் காலமானார்.

பாதுகாப்பு முதலில்

* குண்டு இல்லை என்று தெரிந்தாலும், இருப்பதாகவே நினைத்துத் துப்பாக்கியைக் கையாள வேண்டும்.
* முனை எப்போதும் அட்டைப் பக்கமே இருக்கணும். விளையாட்டுக்குக்கூட யாரையும் பார்த்து நீட்டக் கூடாது.
* குறி வைக்கும் வரை விரல் விசையில் படக் கூடாது.
* ஏர் பிஸ்டல் குண்டும் கண்ணைப் போக்கிவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளணும்.
* குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.
* வெடிமருந்துத் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம்.

கடன் வாங்கித் துப்பாக்கி வேண்டாம்

போட்டிக்கான நல்ல பிஸ்டல் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று உடனே உள்கடன் எடுத்துவிடாதீர்கள். முதலில் பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியிலேயே பழகட்டும். கல்லூரிப் பிள்ளைகள் என்.சி.சி.யில் சேர்ந்தால் ரைபிள் சுடும் பயிற்சி கிடைக்கும், அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆறு மாதம் விடாமல் போகிறாளா என்று பார்த்துவிட்டுச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

சேர்ப்பதற்கு முன் பயிற்சிக்கூடத்துக்கு நீங்களே ஒரு நடை போய்க் கேளுங்கள்: பயிற்சியாளர் கூடவே நிற்பாரா? துப்பாக்கியை எங்கே பூட்டி வைக்கிறார்கள்? பெண் பிள்ளைகள் வேறு எத்தனை பேர் வருகிறார்கள்? மாதக் கட்டணத்தில் குண்டும் அட்டையும் சேர்த்தியா? வீடு திரும்ப எத்தனை மணி ஆகும்?

பதில்கள் திருப்தியாக இருந்தால், பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவசரப்படாத விரலும் தினமும் பழகும் பொறுமையும்தான் இந்த விளையாட்டுக்கு வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

— கள ஒருங்கிணைப்பாளர், புதுச்சேரி