வெளுப்புக்குப் பின் மெலிவு

மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த டியூப் விரல் நீளம்தான் இருக்கும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது, தோலின் நிறமியைக் குறைப்பது. இரண்டாவது, மேல்தோலை விரைவாக உதிரச் செய்யும் வைட்டமின் ஏ வகை மருந்து. மூன்றாவது ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் ஹார்மோன் வகை மருந்து. கன்னத்தில் விழும் மங்குக்குத் தோல் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. நெற்றியில் கோடு விழுகிறது, முகம் களையிழக்கிறது என்று கவலைப்படும் இருபது வயதுக்காரர்களிடம் இதுவே நைட் க்ரீம் ஆகி, மாதக்கணக்கில் முகத்தில் ஏறுகிறது.

அந்தக் கோடு பெரும்பாலும் சுருக்கமே அல்ல. புருவத்தை உயர்த்தினால் விழும், இறக்கினால் மறையும். தோல் வறண்டாலும் அப்படித் தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் மெலனின் நிறமி வெயிலை ஓரளவு தடுப்பதால், உண்மையான சுருக்கம் வெள்ளைத் தோலைவிடப் பிந்தியே வருகிறது.

க்ரீம் பூசிய சில நாள்களில் முகம் வெளுக்கும். ஸ்டீராய்டு, தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை இறுக்குவதும் அதற்கு ஒரு காரணம். 1960களிலிருந்து ஸ்டீராய்டு களிம்புகளின் வீரியத்தை ஆய்வகங்கள் அளப்பது இந்த வெளுப்பை வைத்துத்தான். கண்ணாடியில் பலன் என்று தெரிவது, மருந்து எவ்வளவு கடுமையானது என்பதற்கான அளவுகோல்.

முகம் அந்த மருந்தை அதிகம் உறிஞ்சும் இடம். 1967இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கையைவிட நெற்றி 6 மடங்கும் தாடைப் பகுதி 13 மடங்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உறிஞ்சின. உள்ளே போன ஸ்டீராய்டு, கொலாஜன் என்னும் புரத நாரைச் செய்யும் செல்களின் வேலையைக் குறைக்கிறது. தோலுக்கு உறுதி தருவது அந்த நார்தான். வளர்ந்தவர்களின் தோல் எப்படியும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கொலாஜனை இழந்துகொண்டிருக்கிறது. அந்த இழப்போடு இதுவும் சேர்கிறது. தோல் மெலிகிறது. கன்னத்தில் சிவந்த இரத்தக் குழாய்க் கோடுகள் தெரிகின்றன. பரு வெடிக்கிறது, பூனைமுடி வளர்கிறது. கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணின் அழுத்தமும் உயரலாம். சுருக்கத்துக்குப் பயந்து வாங்கிய மருந்து, சுருக்கம் விழுவதற்கான தோலைத் தயார் செய்கிறது.

இந்தியத் தோல் மருத்துவர்கள் பல மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. வயது குறைந்தவர்கள் கூடுதல் வீரியமுள்ள வகைகளைப் பூசினர். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்று அறிவித்தது. டியூபின் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

காலையில் இதே முகம் வெயிலில் இரு சக்கர வாகனத்தில் போகிறது. டிரெட்டினாயின் தோலை வெயில் தாங்காததாக்கும். முதுமைக்கு முந்தைய சுருக்கத்தின் முதன்மைக் காரணமே வெயில்தான். அதிலுள்ள யுவிஏ கதிர் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து உள்தோல்வரை செல்கிறது. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. சன்ஸ்கிரீனை நாள்தோறும் பூசியவர்களிடம் தோல் முதுமை கண்டறியும் அளவுக்குக் கூடவில்லை. விருப்பம்போல் பூசியவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு.

மாதக்கணக்கில் பூசிய க்ரீமைத் திடீரென நிறுத்தினால், சில நாள்களில் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். மறுபடி பூசினால் அடங்கும். பழக்கம் இறுகுவது இங்கேதான். தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விட வேண்டும். சிலருக்குத் தோல் தணியப் பல மாதங்கள் ஆகும். விரிந்துபோன இரத்தக் குழாய்க் கோடுகள் பலருக்குத் தாமாக மறைவதில்லை. மருத்துவரிடம் போகும்போது, பூசிய டியூபைக் கையோடு கொண்டுபோக வேண்டும், என்ன மருந்து, எவ்வளவு வீரியம் என்று மருத்துவர் பார்க்க. அழகு நிலையத்தில் லேபிள் இல்லாத டப்பாவில் கலந்து வாங்கியவர்களிடம் காட்டுவதற்கு மருந்தின் பெயரும் இருக்காது.