மூக்கும் ஒரு காவற்காரன்

கண் மங்கிய ஈசாக்கு, தன்முன் நின்ற மகன் யாரென்று அறிய அவன் வஸ்திரத்தின் வாசனையை முகர்ந்தான். பின்பு ஆசீர்வதித்தான் என்று ஆதியாகமம் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. மனித சரித்திரத்தில் மூக்கின் பங்கு சிறியதன்று.

பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் பிறந்த நமக்கு மரத்தில் படரும் மிளகுக்கொடி புதுமையல்ல. அந்த மிளகின் மணத்தையும் காரத்தையும் தேடியே மேல்நாட்டுக் கப்பல்கள் வந்தன. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். மிளகு வாணிபத்தைத் தங்கள் கைக்குள் வைக்க விரும்பிய டச்சுக்காரர், 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றனர்.

நறுமணம் கப்பல்களை வரவழைத்தது. துர்நாற்றமோ உயிர்களைக் காக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். வாசனையற்ற வாயுவாதலால் கசிவை ஒருவரும் அறியவில்லை. அதன்பின் எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் சமையல் எரிவாயுவின் நாற்றமும் அவ்வாறு கலக்கப்படும் மெர்காப்டன் என்னும் பொருளுடையதே.

ஆனால் காவற்காரன் உறங்கிவிட்டால்? 2021-இல் கொரோனாவுக்குப்பின் சில மாதங்கள் எனக்கு வாசனையே தெரியவில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. வாயு பரவிய அடுக்களையின் அருகே நான் அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்த என் மனைவி ஓடிச்சென்று சிலிண்டரை அடைத்து, சன்னல்களைத் திறந்தாள்.

நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை உணர்விகள் உள்ளன. இவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். முதுமையில் இந்தத் திறன் குறைகிறது. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் மற்ற அறிகுறிகளுக்கு முன்னரே குறையக்கூடும். மெதுவாகக் குறைவதால் முதியோர் பலர் அதை உணர்வதில்லை.

பட்டணத்தில் வேலைசெய்யும் பிள்ளைகளே, ஊரில் தனித்திருக்கும் தாய்தகப்பனிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். காப்பிப்பொடியின் வாசனை தெரிகிறதா என்றும் கேளுங்கள். தெரியவில்லையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் சிலிண்டரை அடைக்கச் சொல்லுங்கள். வாயுக் கசிவை அறிந்து ஒலியெழுப்பும் கருவியை வாங்கிக் கொடுங்கள்.

ஈசாக்கின் கண் மங்கியதை வீட்டார் அறிந்திருந்தார்கள். அறிந்து அவனை வஞ்சித்தார்கள். நாமோ நம் பெற்றோரின் குறைவை அறிந்து, அவர்களைக் காப்போமாக.