மேசைக்கு வந்த பலிபீடம்

பஸ்கா பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ராமத் கானில் வீடுகளைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். டெல் அவிவை ஒட்டிய ஊர் இது. மெத்தைகள் பால்கனிக் கம்பியில் தொங்கும். பிரிட்ஜ் கதவின் ரப்பர் இடுக்கைப் பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டுவார்கள். கோட்டுப் பைகளை வெளியே இழுத்து உதறுவார்கள், எப்போதோ தின்ற பிஸ்கட்டின் துகள் அதில் ஒட்டியிருக்கலாம் என்று.

நான் நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். இங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் பாட்டி பாக்தாதில் பிறந்த யூதர். பேரப்பிள்ளைகள் அவரைப் ‘பிபி’ என்பார்கள். அவர் என்னைப் ‘பிந்தி’ என்று கூப்பிடுவார், அரபியில் மகளே என்று. யூதப் பண்டிகைகளைப் பற்றி நான் அறிந்ததில் பாதி அவருடைய சமையலறையில் கற்றது. மீதிப் பாதி, அங்கே பார்த்தது ஏன் அப்படி நடக்கிறது என்று தேடித் தேடிப் படித்தது.

பஸ்காவின் ஏழு நாளும் (இஸ்ரேலுக்கு வெளியே எட்டு) புளித்த மாவு வீட்டில் இருக்கக் கூடாது. அதை எபிரேயத்தில் ஹமெட்ஸ் என்கிறார்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எது தண்ணீர் பட்டுப் புளித்தாலும் ஹமெட்ஸ்தான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டதால் பிசைந்த மாவு புளிக்க நேரமில்லை என்று பைபிளின் யாத்திராகமம் சொல்கிறது. அதனால் அந்த வாரம் மட்ஸா என்னும் புளிப்பில்லாத அப்பம் மட்டுமே. தண்ணீர் மாவில் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அது அடுப்பில் வெந்துவிட வேண்டும்.

பீரும் ரொட்டியும் சரி, என் பெருங்காயமும் ஹமெட்ஸ் என்பதைப் பாட்டியின் மகள் டப்பாவைத் திருப்பிப் படித்துத்தான் கண்டுபிடித்தார். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். ரவை, சேமியா, ஆட்டா மாவோடு அதுவும் ஒரு பையில் ஏறி, இன்னொரு தெருவில் வேலை செய்யும் என் தோழியின் அறைக்குப் போயிற்று. தூக்கி எறிய முடியாத அளவு சரக்கு வைத்திருப்பவர்கள் அதை யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நாட்டு அரசாங்கமே தன் கையிருப்பை இப்படித்தான் விற்கிறது. பண்டிகை நாட்களில் ஹமெட்ஸை விற்பனைக்குப் பார்வையில் வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986இல் வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அடுக்குகள் அந்த வாரம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்புக்குள் மூடிக் கிடக்கும்.

அரிசி விஷயம் வேறு. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அந்த வாரம் அரிசி, பயறு, பருப்பைத் தொட மாட்டார்கள். ஈராக்கியர்கள் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் வெள்ளைத் துணியில் பரப்பி மூன்று முறை பொறுக்கிய பிறகுதான். ஒரு கோதுமை மணிகூட உள்ளே கிடக்கக் கூடாது. சுளகில் புடைத்து வளர்ந்த கை எனக்கு. பாட்டி இரண்டாவது பிடி அரிசியிலேயே அதைக் கண்டுகொண்டு, “இனி இது உன் வேலை, பிந்தி” என்று துணியை என் பக்கம் தள்ளிவிட்டார். மருமகன் வீட்டார் போலந்து வழி வந்தவர்கள். பண்டிகை இரவில் சோற்றுப் பாத்திரம் மேசையின் ஒரு பாதிக்கு மட்டும் சுற்றி வரும். மறு பாதி உருளைக்கிழங்கோடு நிற்கும். ஒருவரை ஒருவர் கட்டாயப்படுத்துவதில்லை.

பண்டிகைக்கு முந்தின இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, கையில் மெழுகுவத்தியும் ஓர் இறகுமாக வீடு முழுவதும் தேடுவார்கள். தேடல் வீணாகிவிடக் கூடாது என்று பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி முன்கூட்டியே ஒளித்துவைப்பது வழக்கம். மறுநாள் காலை தெருமுனையில் அத்தனையையும் எரிப்பார்கள்.

என்னைப் போல ஞாயிறு பள்ளியில் வளர்ந்த எவருக்கும் இங்கே வந்ததும் ஒரு கேள்வி எழும். ஆட்டுக்குட்டி எங்கே? நாங்கள் படித்த பஸ்காவின் நடுநாயகமே அதுதானே. அதன் இரத்தத்தை வாசல் நிலையில் பூசினார்கள், அதன் இறைச்சியைச் சுட்டுத் தின்றார்கள். இயேசுவும் சீடர்களும் பஸ்காவுக்காகத்தான் எருசலேமுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து தேவாலயத்தில் ஆடு பலியிட்ட பண்டிகை இது. கண்ட இடத்தில் பலியிடக் கூடாது, கடவுள் தெரிந்துகொண்ட இடத்தில் மட்டுமே என்பது உபாகமத்தின் கட்டளை.

கி.பி. 70இல் தீத்து தலைமையில் வந்த ரோமப் படை அந்த இடத்தையே எரித்துத் தரைமட்டமாக்கியது. பலிபீடம் போயிற்று, ஆசாரியர்களுக்கு வேலை போயிற்று, அதோடு சட்டப்படி ஆடும் போயிற்று. கெரிசீம் மலையைத் தங்கள் புனித இடமாகக் கொண்ட சமாரியர்கள் மட்டும் இன்றும் அங்கே பஸ்கா ஆடு அறுக்கிறார்கள். மற்ற மதங்களில் பல இப்படியொரு அடியில் மறைந்தே போயிருக்கின்றன. யோகனான் பென் சக்காய் என்ற ஆசான் யவ்னே என்ற சிற்றூரில் அறிஞர்களைக் கூட்டினார். பலி இல்லாமல் எப்படி வாழ்வது என்று அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக யோசித்தார்கள். கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா என்ற சட்ட நூலில் அதன் விடை இருக்கிறது. பஸ்கா இரவில் வீட்டு மேசையில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஓர் அத்தியாயமே அதில் உண்டு. பரம ஏழைக்கும் நான்கு கோப்பை திராட்சரசம் கிடைத்தாக வேண்டும், தர்மப் பணத்திலாவது கொடுங்கள் என்கிறது அது. பலிபீடம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. இதைவிடப் பெரிய அறிவாற்றலை நான் எந்தப் போர்க்கதையிலும் படித்ததில்லை.

அந்த இரவுக்குச் சேதர் என்று பெயர். தட்டில் ஒரு சுட்ட எலும்பும் ஒரு முட்டையும் இருக்கும். கசப்பான கீரைக்கு இங்கே லெட்டூஸ் வைக்கிறார்கள். அது முதலில் மென்மையாக இருக்கும், தண்டுக்குப் போகப்போகக் கடினமாகிக் கசக்கும். எகிப்தியரும் முதலில் இதமாக நடத்திப் பிறகுதான் கொடுமை செய்தார்கள் என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் இதற்கு விளக்கம் தருகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கல் அறுத்த சேற்றை நினைவூட்ட ஹரோசெத் என்ற கலவை உண்டு. போலந்துக்காரர்கள் அதை ஆப்பிளில் செய்வார்கள். பாட்டி பேரீச்சம்பழப் பாகில் அக்ரோட்டைப் பொடித்துப் போடுவார், பாக்தாதில் செய்தது போலவே. எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ரசத்தைக் கோப்பையிலிருந்து குறைப்பார்கள். எதிரி என்றாலும் ஒருவர் பட்ட துன்பத்தில் நம் மகிழ்ச்சி முழுதாக நிரம்பக் கூடாது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். என் மனதில் மிக ஆழமாக இறங்கிய சடங்கு இதுதான்.

எலும்பைக் கவனித்தேன். மட்ஸாவைப் பற்றிப் பேசும்போது அதைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கீரையையும் அப்படியே. எலும்பை மட்டும் யாரும் தொடுவதில்லை. தூக்கினால் அதைப் பலி என்று யாராவது நினைத்துவிடலாம். இழந்ததை இழந்ததாகவே வைத்திருக்கிறார்கள். பழைய சட்டப்படி அந்நியர் பஸ்கா ஆட்டில் பங்கு கொள்ளக் கூடாது. ஆடு இருந்திருந்தால் எனக்கு அந்தப் பந்தியில் பங்கில்லை. இப்போது பாட்டியின் வலப்பக்கத்து நாற்காலி என்னுடையது.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா என்று ஊரிலிருந்து என் தம்பி போனில் கேட்பான். எகிப்தை விட்டுப் பெருங்கூட்டம் வெளியேறியதற்கு எகிப்தியக் கல்வெட்டுகளில் சான்று கிடைக்கவில்லை. பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலில் வருவது மெர்னெப்தா பார்வோன் கி.மு. 1208 வாக்கில் நிறுத்திய வெற்றிக் கல்லில். 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி அதைத் தீப்ஸில் கண்டெடுத்தார். கானானில் இருந்த அந்த மக்களை அழித்துவிட்டதாகப் பார்வோன் அதில் பெருமை பேசுகிறார். அதைவிட என்னைக் கட்டிப்போட்டது ஒரு பாப்பிரஸ் கடிதம். நைல் நதியின் எலிபன்டைன் தீவில் பாரசீக அரசுக்குக் காவல் இருந்த யூத வீரர்களுக்குக் கி.மு. 419இல் அனனியா என்பவர் அரமேயத்தில் எழுதியது. நிசான் மாதம் 15 முதல் 21 வரை புளித்ததைத் தவிர்க்கும்படி அது அறிவுறுத்துகிறது. கிட்டத்தட்ட 2,450 வருடங்களுக்கு முன்பு, அதே எகிப்தில், யாரோ ஒருத்தி மாவுப் பானையை அறைக்குள் வைத்துக் கதவை மூடியிருப்பாள். எனக்கு அந்தச் சான்று போதும்.

அந்த இரவில் படிக்கும் நூல் ஹகதா. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்டு இப்போது சரயேவோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹகதா உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து அதைக் காப்பாற்றியவர் தெர்விஷ் கோர்குட் என்ற முஸ்லிம் நூலகர். பொன் பூசிய ஓவியங்களுக்கு நடுவே அதன் பக்கங்களில் திராட்சரசக் கறைகள் இருக்கின்றன. பாட்டியின் ஹகதாவிலும் கறை உண்டு, பேரீச்சம் பாகுக் கறை. அவர்கள் அதை எபிரேயத்தில் வாசித்துவிட்டு யூத அரபியிலும் சொல்வார்கள்.

எகிப்திலிருந்து நானே புறப்பட்டு வந்தேன் என்று ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்பது அன்றைய விதி. ஈராக்கியர் அதை நடித்தே காட்டுகிறார்கள். துணியில் மட்ஸாவை மூட்டையாகக் கட்டிக் குழந்தையின் தோளில் போடுவார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று பெரியவர்கள் கேட்பார்கள். எகிப்திலிருந்து என்பான். எங்கே போகிறாய்? எருசலேமுக்கு.

போன பஸ்காவில் கொள்ளுப்பேரன் மூட்டையை இறக்காமலே பாட்டியைப் பார்த்துக் கேட்டான். “பிபி, நீங்களும் இப்படித்தான் வந்தீர்களா?”

“இல்லை. விமானத்தில்.”

கி.மு. 586இல் எருசலேமை அழித்த பாபிலோனியர் கைதிகளாகக் கொண்டுபோனவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் சமூகம் அது. 2,500 வருடம் அந்த மண்ணில் இருந்தார்கள். வெளியேற விரும்பும் யூதர்கள் குடியுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1950இல் ஈராக்கில் சட்டம் வந்தது. 1951க்குள் ஏறக்குறைய 1,20,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தார்கள். எடுத்துவர அனுமதித்தது வளர்ந்தவருக்கு 50 தினார். பாட்டிக்கு அப்போது பத்து வயது. தன் அம்மாவின் வளையலைக் கழற்ற வைத்ததை அவர் சொன்னார். இங்கே வந்து இறங்கியதும் குடியமர்த்திய கூடார முகாமில் மழைக்கு ஒழுகிய கித்தானைப் பற்றிச் சொன்னார். அடுத்த வசந்தத்தில் அதே கூடாரத்துக்குள் அவருடைய அப்பா தகரப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி நடத்திய சேதரைச் சொன்னார். பையன் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தான். விமானத்தில் ஜன்னல் இருந்ததா, பூனையை என்ன செய்தீர்கள், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பாட்டி நின்று பதில் சொன்னார். போலந்துச் சம்பந்தி தன் ஹகதாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு தன் அப்பா வார்சாவிலிருந்து வந்த கதையைத் தொடங்கினார். நான் பொறுக்கி வடித்த சோறு மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் குடிக்க இரண்டு கோப்பை பாக்கி இருந்தன.