உப்பு முத்தமும் உதிர்ந்த மூன்றெழுத்தும்

முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் தங்காது என்று வட ஐரோப்பாவில் ஒரு பழைய பேச்சு உண்டு. அந்த நோயை 1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் தனி நோயாக அடையாளம் காட்டினார்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் கணையத்திலும் சளி பசைபோல் இறுகிப்போகும். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை பிழைத்தவர்கள் அன்று அபூர்வம். 1948 கோடையில் அந்நகரத்து வெயிலில் சுருண்டு விழுந்த குழந்தைகளில் இந்நோய் கண்டவர்கள் பலர். அதன் காரணத்தைத் துருவிய பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களுடைய வேர்வையில் உப்பு மிகுதி என்று 1953இல் காட்டினார். தாய்மார்கள் உதட்டால் அறிந்ததுதான். ஆய்வுக்கூடம் அளந்து சொன்னது.

1989இல் மரபணுவே கைக்கு வந்தது. டொராண்டோவில் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. ஏழாவது குரோமோசோமில் மூன்றெழுத்து உதிர்ந்திருந்தது. அதனால் 1,480 மணி கோத்த புரதச் சரத்தில் 508ஆவது மணி இல்லை. சரம் சரியாக மடியாமல், செல்லின் வாசலுக்கே வந்து சேர்வதில்லை. எஃப்508டெல் என்று பெயர். இந்த ஒன்றைத் தேடினால் போதும் என்று தோன்றிய காலம் அது.

போதவில்லை. டென்மார்க் நோயாளிகளின் பழுதுபட்ட மரபணுக்களில் பத்துக்கு ஒன்பது இந்தப் பிழைதான். துருக்கியில் ஏறக்குறைய கால்பங்கு. அஷ்கெனாசி யூதர்களிடம் முந்தி நிற்பது டபிள்யூ1282எக்ஸ் என்ற வேறொரு பிழை, கிட்டத்தட்ட பாதி. அயர்லாந்திலோ 19 பேரில் ஒருவர் ஏதோ ஒரு பிழையைச் சுமக்கிறார். கொள்வினை கொடுப்பினை ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே நடந்தால், ஒரு முன்னோரின் எழுத்துப்பிழை ஊர்ச்சொத்தாகிவிடுகிறது. இன்று இம்மரபணுவின் பிழைப்பட்டியலில் 2,000க்கும் மேல்.

இந்தியாவில் இந்நோய் இல்லையென்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஓயாத இருமல் காசநோயாகவும், தேறாத உடம்பு சத்துக்குறைவாகவும் கணக்கில் ஏறியிருக்கும். இப்போது டெல்லி எய்ம்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இக்குழந்தைகளுக்குத் தொடர் சிகிச்சை நடக்கிறது. இங்கே எஃப்508டெல்லின் பங்கு ஐரோப்பாவைவிட மிகக் குறைவு. ஐரோப்பியருக்காகத் தொகுத்த பிழைப்பட்டியலை வைத்துச் சோதித்தால், நோயுள்ள குழந்தைக்கும் ‘பிழை இல்லை’ என்று தாள் வரலாம். பார்க்காததை இல்லையென்று எழுதும் தாள் அது. வேர்வைச் சோதனைக்கு இந்தக் கோளாறு கிடையாது. வேர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் கோபன்ஹேகன் ஆனாலும் காட்பாடி ஆனாலும் சந்தேகம் ஒன்றே.

மருந்திலும் இந்த ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. 2019இல் அமெரிக்கா அனுமதித்த மும்மருந்து மாத்திரை, எஃப்508டெல் ஒரு பிரதியாவது இருப்பவர்களுக்கென்றே வந்தது; பிழைப்பட்டியல் பின்னர் நீண்டது. விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். கோணலாய் மடிந்த புரதத்தை அது நிமிர்த்தும். இரு பிரதியும் டபிள்யூ1282எக்ஸ் ஆனவருக்கோ சரம் முடியும் முன்பே அறுந்துவிடுகிறது, நிமிர்த்த ஒன்றுமில்லை. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் வேர்வையின் உப்பைத்தான் அளக்கிறார்கள்.