காய்ச்சலின் பெயர் அறிதல்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே மழைக்காலம் வந்துவிட்டாற் காய்ச்சலும் உடன் வருகின்றது. அது இன்புளுவென்சாவோ, டெங்குவோ, எலிக்காய்ச்சலோ என்பது முதல் நாளில் உடம்பைத் தொட்டுப் பார்த்து அறியத்தக்கதன்று. மூன்றிலும் உடல் கொதிக்கும்; தலையும் தசையும் நோகும். மருத்துவமோ வேறு வேறு. பெயரறியாக் காய்ச்சல் நாட்சம்பளத்தை மட்டுமன்றிச் சிலவேளை உயிரையும் கொண்டுபோகும்.

1918-19இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா இலங்கையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டதென ஆய்வாளர் கணிக்கின்றனர். அந்நாளில் அதன் வைரசை எவரும் கண்டிலர். மனிதரிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது 1933இலேயே.

இவ் வைரசின் மேற்பரப்பில் இருவகைப் புரத முட்கள் உள. ஈமகுளூற்றினின் நம் சுவாசக் கலங்களைப் பற்றும் கை. நியூராமினிடேசு புதிய வைரசுகளைக் கலத்தினின்றும் அறுத்துவிடும் கத்தி. எச்1என்1, எச்3என்2 என நாம் கேட்கும் பெயர்கள் இவ்விரண்டின் வகைகளையே குறிப்பன.

இவற்றை இனங்காணும் கருவி பிறபொருளெதிரி. நோயுற்ற உடல் பலவகை எதிரிகளைக் கலந்து ஆக்கும். அது விதைத் தேயிலை மலையை ஒக்கும். ஒரு செடிபோல் மறுசெடி இராது. ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டித் தவறணையில் வளர்த்த தேயிலையோ முழுதும் ஒரே குணமுடையது. மொனோகுளோனல் பிறபொருளெதிரி இத்தகையது. 1975இல் கேம்பிரிட்சிலே கோலரும் மில்சுடைனும், எதிரி சுரக்கும் சுண்டெலி மண்ணீரற் கலத்தை ஓயாது பெருகும் புற்றுக்கலத்துடன் இணைத்து இதனை ஆக்கினர். 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஒளிரும் சாயம் பூட்டிய இவ்வெதிரியை நோயாளியின் மூக்குச்சளிக் கலங்களில் இட்டுக் கழுவினால், தனக்குரிய புரதம் உள்ள இடத்தில் மட்டும் ஒட்டிநின்று நுணுக்குக்காட்டியின் கீழ் ஒளிவிடும். முன்னர் ஒட்டிய எதிரி, வைரசு இருந்தும் ஒட்டாதாயின், வைரசு தன் மேற்புரதத்தை மாற்றிக்கொண்டது என்பது பெறப்படும். தடுப்பூசியின் கூறுகளை ஆண்டுதோறும் மீளாய்வு செய்வது இம் மாற்றம் பற்றியே.

இன்று மரபுப்பொருட் சோதனை முன்னிற்கின்றது; கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே தேசிய இன்புளுவென்சா நிலையமும் இயங்குகின்றது. எனினும், கருவி எத்துணை நுட்பமாயினும் சளி மாதிரி உரிய நாளில் வந்து சேராவிடிற் பயன் யாது? நம் பழைய மாணவருள் வைத்தியரும் தோட்ட உத்தியோகத்தரும் ஆசிரியரும் உளர். லயத்தில் ஒரு வீட்டிற் காய்ச்சல் கண்டால், ஒற்றைச் சுவர் இடையிட்ட அடுத்த வீட்டிற் காணுமுன் நோயாளியை வைத்தியரிடம் சேர்ப்பித்தல் நம் அனைவர்க்கும் கடனாகும்.